துணியை நம்பிக் குதித்தவர்கள்

பாராசூட்டைத் தமிழில் வான்குடை என்கிறோம். மலாயில் அது பாயோங் தெர்ஜுன், அதாவது குதிக்கும் குடை. இரண்டு பெயரிலும் குடை இருக்கிறது. ஆனால் பாராசூட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குள் குடை கிடையாது. விழுவதிலிருந்து காப்பது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஐரோப்பியர்கள் சொல்லிலிருந்து கழற்றிவிட்ட குடையை நம் பக்கத்து மொழிகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ஸ்கைடைவிங் என்றதும் சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தேசிய தினத்தன்று சிவப்பு வெள்ளைப் புகையோடு வந்து இறங்கும் ரெட் லயன்ஸ் வீரர்கள் நினைவுக்கு வருவார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கேஎல் டவரிலிருந்து குதிப்பவர்கள். மற்றவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, கன்னச் சதை காற்றில் அடித்துக்கொள்ள, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு நண்பர். காசு இருக்கிறவங்க விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் பழைய நாட்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தபோது எதிர்பார்த்தது வீரர்களின் கதையை. கிடைத்தது தையல்காரர்கள், பஞ்சாலைத் தொழிலாளிகள், சர்க்கஸ்காரர்கள், பட்டம் செய்பவர்களின் கதை.

என் அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்து எங்களை வளர்த்தவர். அதனாலோ என்னவோ, இந்த வரலாற்றில் யார் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தார் என்பதைவிட, அந்தத் துணியை யார் தைத்தது என்ற கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

குடையோடு ஒருவன்

1687இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் தூதராகச் சயாமுக்கு வந்தவர் சிமோன் த லா லூபேர். ஊர் திரும்பி 1691இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு வித்தைக்காரனைப் பற்றி எழுதுகிறார். அவன் இரண்டு குடைகளின் காம்புகளை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பான். காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே இறங்குவான். சில சமயம் தரையில், சில சமயம் மரத்தின் மேல், வீட்டுக் கூரையின் மேல், ஆற்றில்கூட. அந்த வித்தைக்காக அரசர் அவனுக்குப் பதவி கொடுத்து அரண்மனையில் குடிவைத்தாராம்.

கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, 1783இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் செபஸ்தியான் லெநோர்மான் என்பவர் ஒரு கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டினார். பாராசூட் என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். சயாம் வித்தைக்காரனின் கதை அவருக்குத் தூண்டுதலாக இருந்தது என்று சொல்வதுண்டு. லெநோர்மானின் நோக்கம் வித்தை அல்ல. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மனிதர்கள் தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார். நம் பக்கத்தில் பிழைப்பாக இருந்தது அங்கே போனதும் அறிவியலாகிவிட்டது. பெயரிலிருந்து குடை உதிர்ந்ததும் அப்போதுதான்.

பலூன் வந்த பிறகு உயரத்துக்குப் பஞ்சமில்லை. 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் ஆந்த்ரே ஜாக் கார்னரேன் பலூனில் சுமார் ஆயிரம் மீட்டர் ஏறி, கயிற்றை வெட்டிவிட்டு, துணிக்குடையின் கீழ் தொங்கிய ஒரு கூடையில் நின்றபடி இறங்கினார். விறைப்பான சட்டம் இல்லாத குடை அது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழி இல்லாமல் ஒரு ஓரமாகவும் மறு ஓரமாகவும் கசிந்தது. கூடை கடிகார ஊசல்போலப் பயங்கரமாக ஆடியது. பிற்பாடு குடையின் உச்சியில் ஒரு துளை போட்டார்கள். ஆட்டம் குறைந்தது. குடையில் ஓட்டை போட்டால்தான் பத்திரமாக இறங்கலாம் என்பது இந்த வரலாற்றின் முதல் தையல் பாடம்.

1799இல் கார்னரேனின் மாணவி ழான் லப்ரோஸ் குதித்தார். வான்குடையில் இறங்கிய முதல் பெண் அவர். பிறகு கார்னரேனை மணந்துகொண்டார்.

1802இல் கார்னரேன் லண்டனில் குதித்ததைப் பார்த்த கூட்டத்தில் ராபர்ட் காக்கிங் என்ற நீர்வண்ண ஓவியர் இருந்தார். அந்த ஆட்டம் அவரை உறுத்தியது. குடையைத் தலைகீழாக, புனல் வடிவில் செய்தால் ஆடாது என்று முடிவு செய்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த யோசனையைச் சுமந்துவிட்டு, 1837 ஜூலை 24 அன்று, தன் 61ஆவது வயதில், அதைச் சோதித்துப் பார்க்க மேலே போனார். அவர் செய்த அமைப்பு மிகவும் கனம். கழற்றிவிட்ட சற்று நேரத்தில் உருக்குலைந்து நொறுங்கியது. புனல் வடிவம் ஆடாது என்பது சரியான யோசனைதான். எடையைத் தாங்கும் கட்டமைப்பு மட்டும்தான் அவரிடம் இல்லை. இந்த வரலாற்றில் பாதிப் பேர் இப்படித்தான். யோசனை சரி, தையல் தப்பு.

சந்தைக் கூட்டத்துக்காக

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வான்குடை அறிவியலிலிருந்து திரும்பவும் வித்தைக்கே வந்து சேர்ந்தது. கண்காட்சி, திருவிழா, சந்தை என்று கூட்டம் கூடும் இடங்களில் பலூன் ஏற்றுவார்கள். அதன் அடியில் தொங்கும் கம்பியில் ஒருவர் மேலே போவார். உச்சிக்குப் போனதும் குதிப்பார். டிக்கெட் வாங்கியவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள் என்பதை யோசித்தால் கொஞ்சம் கசக்கும். குடை விரியும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் அவர்கள் காசு கொடுக்கவில்லை.

இந்த வித்தை ஆசியாவுக்கும் வந்தது. பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் 1889இல் கல்கத்தாவில் காட்சி நடத்தினார். அவரிடம் கற்றுக்கொண்ட ராம் சந்திர சாட்டர்ஜி என்ற வங்காளி 1890இல் பலூனிலிருந்து குதித்தார். வான்குடையில் இறங்கிய முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவரும் அடிப்படையில் சர்க்கஸ் கலைஞர்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1892 மார்ச்சில், டாக்கா நவாபின் அழைப்பில் ஜீனெட் வான் டாசல் என்ற அமெரிக்கப் பெண் புரிகங்கை ஆற்றங்கரையிலிருந்து பலூனில் ஏறினார். நவாபின் மாளிகைக் கூரையில் இறங்குவதாகத் திட்டம். காற்று அவரை நகருக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோய் மரத்தில் மாட்டிவிட்டது. உயிரோடுதான் இருந்தார். மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி அவரை இறக்கப் பார்த்தார்கள். கட்டு விட்டுப்போனது. கீழே விழுந்தவர் சில நாட்களில் இறந்தார். டாக்காவின் நாரிந்தா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். வானம் அவரைக் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இறங்கிய பிறகு என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே காலத்தில் ஜெர்மனியில் கேத்தே பவுலுஸ் இருந்தார். 1868இல் பிறந்த தையல்காரி. பலூன் சாகசக்காரர் ஹெர்மான் லாட்டமானுக்குத் துணி தைக்கப் போனவர், அவரோடு சேர்ந்து பறக்கவும் குதிக்கவும் ஆரம்பித்தார். 1894இல் கிரேஃபெல்ட் நகரில் நடந்த காட்சியில் லாட்டமானின் குடை விரியவில்லை. பவுலுஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அவர் தொழிலை விடவில்லை. நூறு தடவைக்கு மேல் குதித்தார். வான்குடையை மடித்து ஒரு பைக்குள் அடக்கி, குதிப்பவரின் எடையே அதை இழுத்துத் திறக்கும்படி ஒரு முறையை உருவாக்கினார். முதல் உலகப்போரில் பலூனில் உட்கார்ந்து வேவு பார்த்த ஜெர்மன் வீரர்களுக்காகச் சுமார் 7,000 வான்குடைகள் தயாரித்துக் கொடுத்தார்.

ஒரு பெண், தன் ஆள் எதனால் செத்தானோ அந்தக் கோளாறைத் தன் கைத்தொழிலால் சரிசெய்தாள் என்று இதை நாடகமாக எழுதலாம். நான் அப்படி எழுத விரும்பவில்லை. அவருக்குத் தெரிந்த வேலை தையல். அதைக் கவனமாகச் செய்தார். பல பேர் வீடு திரும்பினார்கள்.

பொம்மைப் பெண்

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த ஆள் ஜார்ஜியா ஆன் தாம்சன். 1893இல் வட கரோலினாவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம், பதின்மூன்றில் குழந்தை, கணவன் இல்லை. பஞ்சாலையில் வேலை. நம்ம தோட்டத்துக் கதைகளை வாசித்தவர்களுக்கு இந்த வரிசையில் எதுவும் புதிதாக இருக்காது. 1907இல் ஒரு கண்காட்சியில் சார்லஸ் பிராட்விக் என்பவர் பலூனிலிருந்து குதிப்பதைப் பார்த்தார். தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, பணம் அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார். 1908இல் முதல் குதி.

ஐந்தடிகூட உயரமில்லை. அதனால் டைனி பிராட்விக் என்று பெயர் வைத்தார்கள். அவரை ஒரு சிறுமிபோல, சுருக்கு வைத்த உடுப்பும் ரிப்பனும் தொப்பியும் மாட்டி, பொம்மைப் பெண் என்று விளம்பரப்படுத்தினார்கள். அந்த வேஷம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் பிடித்தது. ஒரு பிள்ளைக்குத் தாயான பெண்ணைப் பொம்மையாகக் காட்டினால்தான் டிக்கெட் விற்றது.

1913இல் லாஸ் ஏஞ்சலஸில் கிளென் மார்ட்டின் ஓட்டிய விமானத்திலிருந்து குதித்தார். விமானத்திலிருந்து குதித்த முதல் பெண் அவர்தான். அடுத்த ஆண்டு சான் டியேகோவில் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்துகாட்ட அழைத்தார்கள். அப்போதெல்லாம் வான்குடை விமானத்தோடு ஒரு கயிற்றால் இணைந்திருக்கும். ஆள் விழும்போது கயிறு இழுபட்டுக் குடை திறக்கும். குதிப்பவர் எதுவும் செய்யத் தேவையில்லை. அன்று ஒரு குதியில் அந்தக் கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. பிறகு அவர் கயிற்றை வெட்டிக் குட்டையாக்கி, விமானத்தைவிட்டு விழுந்தபின் தன் கையாலேயே இழுத்துக் குடையைத் திறந்தார்.

இந்தச் சின்ன மாற்றம்தான் ஸ்கைடைவிங்கின் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். அதுவரை மனிதர்கள் வான்குடையில் இறங்கினார்கள். இப்போதுதான், சில நொடிகளாவது, எதோடும் கட்டப்படாமல் விழுந்து, எப்போது திறப்பது என்பதைத் தாமே முடிவு செய்தார்கள். அந்த முடிவை எடுத்தவர் பஞ்சாலையிலிருந்து ஓடிவந்த இருபத்தொரு வயதுப் பெண்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1912 பிப்ரவரி 4 அன்று, பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையல்காரர் தானே தைத்த வான்குடை அங்கியை அணிந்துகொண்டு ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்து இறந்தார். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார். அந்தக் காட்சி படமாக்கப்பட்டது, இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. விளிம்பில் நின்று அவர் தயங்கும் நேரம் மிக நீளமாகத் தெரியும். கீழே கருத்துப் பகுதியில் சிரிப்புப் பொம்மைகள். நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன். தன் கையால் தைத்த துணிமேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த ஒரு தொழிலாளியைக் கோமாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டுப்புழு

முதல் உலகப்போரில் பலூன் வேவுக்காரர்களுக்கு வான்குடை இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் போர்விமானிகளுக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. கனம் அதிகம், இடம் போதாது என்றார்கள். கூடவே இன்னொரு எண்ணமும் இருந்தது. குடை கொடுத்தால் காப்பாற்றக்கூடிய விமானத்தையும் விட்டுவிட்டு விமானி குதித்துவிடுவான். எரியும் விமானத்தோடு இளைஞர்கள் விழுந்துகொண்டிருந்தபோது அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் போட்ட கணக்கு இது. ஜெர்மானியர்கள் 1918இல் தங்கள் விமானிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

போர் முடிந்த பிறகும் ஒரு பயம் மிச்சமிருந்தது. கட்டுக்கயிறு இல்லாமல் அதிக நேரம் விழுந்தால் மனிதன் மயங்கிவிடுவான், கையை அசைக்க முடியாது என்று பலர் நம்பினார்கள். 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹையோவின் மெக்குக் ஃபீல்டில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, சற்று நேரம் விழுந்து, கைப்பிடியை இழுத்துத் திறந்து காட்டினார். தரையிறங்கும்போது கணுக்கால் உடைந்தது. ஆனால் மயங்கவில்லை. ஐந்து ஆண்டுகள் முன்பே ஒரு பெண் செய்துகாட்டியிருந்தும் அந்தப் பயம் அதுவரை போகவில்லை என்பதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இர்வின் வான்குடைக் கம்பெனி தொடங்கினார். வான்குடையால் உயிர் தப்பிய விமானிகளுக்காக 1922இல் கேட்டர்பில்லர் கிளப் என்று ஒரு சங்கம் உருவானது. உறுப்பினர்களுக்குத் தங்கத்தில் செய்த சின்னப் புழு ஒன்றைக் கொடுத்தார்கள். காரணம் எளிமையானது. வான்குடை பட்டால் ஆனது. பட்டு புழு தருவது. ஒரு புழுவுக்கு உயிர்க்கடன் பட்டிருக்கிறோம் என்று போர்விமானிகள் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனபோது நைலான் வந்தது. போர் முடிந்ததும் பழைய வான்குடைத் துணியில் கல்யாண உடுப்பு தைத்துக்கொண்ட பெண்கள் உண்டு.

காற்றின்மேல் படுப்பது

விழும் மனிதன் வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. குப்புறப் படுத்த நிலையில் ஏறக்குறைய பன்னிரண்டு நொடிகளில் மணிக்கு 190, 200 கிலோமீட்டரை எட்டியதும் காற்றின் எதிர்ப்பு எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே வேகம்தான். அந்த வேகத்தில் காற்று கெட்டியான பொருள்போல நடந்துகொள்ளும். கையைக் கொஞ்சம் மடக்கினால் உடம்பு திரும்பும். இதைப் புரிந்துகொள்ளாதவரை குதித்தவர்கள் பம்பரம்போலச் சுழன்றார்கள். சுழலும்போது திறந்தால் கயிறுகள் உடம்பைச் சுற்றிக்கொள்ளும்.

இதற்கு இறக்கைதான் வழி என்று சிலர் நினைத்தார்கள். அமெரிக்கரான கிளெம் சோன் கைக்கும் உடம்புக்கும் நடுவே வௌவாலைப்போலக் கித்தான் துணி தைத்துப் பறந்தார். 1937இல் பிரான்ஸில் வான்குடை விரியாமல் இறந்தார். போருக்குப் பிறகு பிரெஞ்சு வான்குடை வீரர் லியோ வாலன்தேன் வேறு வழியைக் கண்டார். இறக்கை வேண்டாம், உடம்பே போதும். நெஞ்சை முன்தள்ளி, முதுகை வளைத்து, கைகால்களை அகல விரித்தால் உடம்பு ஆடாமல் காற்றின்மேல் படுத்துக்கொள்ளும். இன்று எந்தப் பயிற்சிக்கூடத்திலும் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். ஆனால் வாலன்தேனாலும் இறக்கை ஆசையை விட முடியவில்லை. 1956 மே மாதம் லிவர்பூலில், மர இறக்கையோடு விமானத்தை விட்டு வெளியேறும்போது அது விமானத்தில் மோதி உடைந்தது. பெருங்கூட்டத்தின் கண்முன் விழுந்து இறந்தார்.

இதே ஆண்டுகளில் நம் காடுகளிலும் வான்குடைகள் விழுந்துகொண்டிருந்தன. அவசரகாலத்தில், 1952இல், பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் வீரர்கள் பேராக்கின் பெலும் பகுதியில் குதித்தார்கள். தரையைத் தேடாமல் காட்டு மரங்களின் உச்சியிலேயே வேண்டுமென்று சிக்கிக்கொண்டு, அங்கிருந்து கயிற்றில் இறங்குவது என்ற முறையைச் சோதித்தார்கள். சில நேரம் மரம் பிடித்துக்கொள்ளும், சில நேரம் கிளை முறியும். காயங்களும் சாவுகளும் சேர்ந்தபின் கைவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் முன்பு டாக்காவில் ஒரு பெண்ணைப் பலிவாங்கிய அதே பிரச்சினை. மரத்திலிருந்து எப்படி இறங்குவது?

விளையாட்டாக இது உருப்பெற்றதும் அந்தப் பத்தாண்டில்தான். 1951இல் யூகோஸ்லாவியாவின் பிளெட்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1959இல் ஜாக் இஸ்டெல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆரஞ்சு என்ற சிற்றூரில் பொதுமக்களுக்கான பயிற்சி மையம் திறந்தார். காலையில் வந்தவர் பயிற்சி முடிந்து அன்றே குதிக்கலாம்.

அந்தக் காலத்துச் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும். ராணுவம் கழித்துப்போட்ட, எட்டரை மீட்டர் அகல வட்டக் குடை முதுகில். மாற்றுக் குடை வயிற்றில் மூட்டைபோல. கணுக்கால் உடையாமலிருக்கக் கனத்த பூட்ஸ். வட்டக் குடையைத் திருப்ப முடியாது என்பதால் அதன் பின்பக்கத் துணியைக் கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்து, காற்று பீறிட வழி செய்தார்கள். எந்த வடிவத்தில் வெட்டினால் நன்றாகத் திரும்பும் என்பதே அப்போதைய பெரிய பேச்சு. தரையிறங்குவது ஒரு ஆள் உயர மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம். விழுந்து உருளத் தெரியணும். சும்மா நின்னுக்கிட்டு இறங்குவதெல்லாம் பின்னாடி வந்த சொகுசு.

பஞ்சாலை, இன்னொரு முறை

1959 மே 21 அன்று ரஷ்யாவின் யாரோஸ்லாவல் ஊரில் 22 வயதுப் பெண் ஒருவர் அங்கிருந்த விமானக் கழகத்தில் முதல்முறையாகக் குதித்தார். அப்பா போரில் இறந்துவிட்டார். அம்மா பஞ்சாலைத் தொழிலாளி. அவரும் பஞ்சாலையில்தான் வேலை. பெயர் வாலன்தினா தெரெஷ்கோவா.

நான்கு ஆண்டுகளில் அவர் விண்வெளிக்குப் போன முதல் பெண் ஆனார். அவர் விமானி அல்ல. குதிக்கத் தெரிந்தவர் என்பதுதான் அவருக்கு வாசலைத் திறந்தது. ஏனென்றால் வாஸ்தோக் கலத்துக்குள் இருந்துகொண்டே தரையில் மோதினால் அடி தாங்காது. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே தள்ளப்பட்டு, தனி வான்குடையில் இறங்க வேண்டும். ககாரினும் 1961இல் அப்படித்தான் இறங்கினார். கலத்தோடு இறங்கினால்தான் சாதனையாகப் பதியப்படும் என்று அப்போதைய சர்வதேச விதி இருந்ததால், சோவியத் அரசு அதைப் பல ஆண்டுகள் மறைத்தது. மனிதன் விண்ணிலிருந்து முதல்முறை வீடு திரும்பியபோது கடைசிச் சில கிலோமீட்டர்களை ராக்கெட்டில் கடக்கவில்லை, துணியில்தான் தொங்கிக்கொண்டு வந்தான். இதைப் போய் யாராவது மறைப்பாங்களா என்று எனக்குத் தோன்றியது.

டைனி பிராட்விக்கும் தெரெஷ்கோவாவும் இரண்டு எதிரெதிர் நாடுகளின் பஞ்சாலைகளிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்குச் சந்தை வேஷம் போட்டது, இன்னொருவருக்கு அரசு. முதலாமவர் பொம்மை, இரண்டாமவர் பாட்டாளி வர்க்கத்தின் அடையாளம். இரண்டு வேஷத்தையும் கழற்றிவிட்டுப் பார்த்தால், உயரத்தில் விமானக் கதவருகே நிற்கும் ஒரு வேலைக்காரப் பெண்தான் மிச்சம். வேறு கதவு எதுவும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே அவர்கள் தைரியத்தைப் பேச வேண்டும்.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும்

பழைய குதிப்பவர்கள் எல்லா விளையாட்டுக்காரர்களையும்போல அந்தக் காலத்தைப் பற்றி ஏங்கி எழுதியிருக்கிறார்கள். விதிகள் குறைவு, புல்வெளியில் குடை மடிப்பது, மாலையில் பீர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த ஏக்கம் பொய்யில்லை. ஆனால் 1967 ஆகஸ்ட் 27ஐயும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒஹையோவில் பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து மேகத்துக்கு மேலே 18 பேர் குதித்தார்கள். கீழே விமானத் திடல் இருப்பதாக நினைத்தார்கள். தரைக்கட்டுப்பாட்டாளர் ராடாரில் வேறொரு விமானத்தை இவர்களுடையது என்று எண்ணிவிட்டார். மேகத்தைத் தாண்டியதும் அவர்கள் பார்த்தது ஏரி. ஈரி ஏரியில் 16 பேர் மூழ்கி இறந்தார்கள்.

மேகத்துக்குள் குதிக்காதே, தரை தெரியாமல் குதிக்காதே என்ற விதிகளை இன்று ஒரு மாணவர் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அவற்றை எழுதிய விலை அந்த ஏரியில் இருக்கிறது.

சாமான்களும் அப்படியே மாறின. புளோரிடாவில் பட்டமும் பலூனும் செய்துகொண்டிருந்த டோமினா ஜால்பெர்ட் 1960களில் துணியை அறை அறையாகத் தைத்து, முன்வாய் வழியே காற்று புகுந்து இறக்கைபோல உப்பும் வடிவத்தைக் கண்டுபிடித்தார். கிளந்தானில் வாவ் செய்பவர் யாராவது கேட்டால் உடனே புரிந்துகொள்வார். இன்றைய சதுர வான்குடை அதுதான். அது படீரென்று திறந்து முதுகெலும்பை உலுக்கியபோது, கயிறுகளில் வழுக்கி இறங்கும் ஒரு சின்னத் துணிச்சதுரம் அந்த வேகத்தைத் தணித்தது. 1970களில் பில் பூத் மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, சிக்கிய குடையை ஒரே இழுப்பில் கழற்றும் முறையைச் செய்தார். அதற்கு முன்பு இரண்டு தோளிலும் இருந்த உலோகப் பூட்டுகளை விழுந்துகொண்டே திறக்க வேண்டியிருந்தது. 1991இல் மயங்கியவருக்கும் மாற்றுக் குடையைத் தானே திறந்துவிடும் சின்னக் கணினி வந்தது. இந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் துணி, நூல், வளையம். என் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்தவைதான்.

1999இல் பெட்ரோனாஸ் கோபுரத்திலிருந்து திருட்டுத்தனமாகக் குதித்தவர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர். 2012இல் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து ஒலியின் வேகத்தைத் தாண்டினார். அந்தப் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். நிறுவனங்கள் தெரிய வைத்தன. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒலியைத் தாண்டி விழுந்தவரும் கடைசியில் ஒரு தையலை நம்பித்தான் கையை இழுத்தார் என்று மட்டும் சொல்கிறேன். வரலாறு எழுதும்போது நாம் குதித்தவரின் பெயரைக் கொட்டை எழுத்திலும் தைத்தவரின் பெயரை அடியிலும் போடுகிறோம். இந்த ஒரு விளையாட்டில், தொடக்க காலத்தில், இரண்டும் பல தடவை ஒரே ஆளாக இருந்தது. அதனால்தான் எனக்கு அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

டைனி பிராட்விக் 1922இல் குதிப்பதை நிறுத்தினார். கணுக்கால்கள் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் குதித்திருந்தார். 1964இல், கையால் தைக்கப்பட்ட தன் பட்டு வான்குடை ஒன்றை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நடந்ததையும் பார்த்துவிட்டு 1978இல் இறந்தார். வாஷிங்டன் பக்கம் போகும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால் ராக்கெட்டுகளைப் பார்த்து முடித்த பிறகு அந்தத் துணியை விசாரித்துப் பாருங்கள்.